ஐம்பது வயதுக்குப் பிறகு விழப் பழகுதல்

ஒரு காலத்தில் ஆசிரியபீடத்தில் எனக்கு மூத்தவராக இருந்து, எனது செய்திகளைச் சிவப்புப் பேனாவினால் திருத்தித் தொழில் கற்றுத்தந்த நண்பர் ஒருவர் சில மாதங்களுக்கு முன்னர் தொலைபேசியில் அழைத்தார். ஓய்வுபெற்று வெள்ளவத்தையில் வசிக்கும் அவருக்கு இப்போது 71 வயது. நலம் விசாரித்து முடிந்ததும் சற்றுத் தயங்கிவிட்டு, "தம்பி, நீர் ஏதோ சண்டை பழகுறதாக் கேள்விப்பட்டன். மெய்யே?" என்று கேட்டார். இரண்டு வருடங்களாக ஜூடோ பழகுகிறேன் என்று சொன்னேன். மறுமுனையில் சில விநாடிகள் மௌனம். பிறகு, "முப்பது வருஷம் சண்டையைப் பற்றி எழுதினது காணாதெண்டு இப்ப சண்டை பிடிக்கவும் வெளிக்கிட்டீரோ?" என்றார்.

அப்போது சிரித்துச் சமாளித்துவிட்டேன். ஆனால், அவருடைய கேள்வி பல நாட்கள் மனதைவிட்டு அகலவில்லை. 2009 மே மாதத்தில் முடிவுக்கு வந்த போரின் பெரும்பகுதியைச் செய்தியாளனாகவும் பின்னர் செய்தி ஆசிரியனாகவும் கண்ட ஒருவன், தலை நரைத்து, நீரிழிவுக்கு மாத்திரை உட்கொள்ளும் வயதில், இன்னொரு மனிதனின் சட்டையைப் பிடித்து அவனை நிலத்தில் வீழ்த்தும் கலையை எதற்காகக் கற்கவேண்டும்? அவருக்குச் சொல்லாமல் விட்ட பதிலை இங்கே எழுத விரும்புகிறேன். எனது வயதையொத்த வாசகர்களுக்கும் அதனால் ஏதாவது பயன் கிடைக்கக்கூடும்.

எனது தாயார் விழுந்ததில் இருந்துதான் எல்லாம் ஆரம்பித்தது. ஐந்து வருடங்களுக்கு முன்னர், யாழ்ப்பாணத்தில் எமது வீட்டில், அதிகாலையில் கிணற்றடிக்குச் சென்றவர் பாசி படிந்திருந்த சீமெந்துத் தரையில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. சத்திரசிகிச்சை நல்லபடியாகவே முடிந்தது. ஆனால், அதற்குப் பிறகு அவர் பிறருடைய துணையின்றி நடக்கவில்லை. முதலில் கிணற்றடி போனது. பிறகு முற்றம், அதன் பிறகு விறாந்தை என்று அவருடைய உலகம் சுருங்கிச் சுருங்கி ஒரு கட்டிலில் வந்து நின்றது. எட்டாவது மாதத்தில் காலமானார். மரணச் சான்றிதழில் நியூமோனியா என்று எழுதப்பட்டிருந்தது. கிணற்றடி ஈரம்தான் அவரைக் கொண்டுபோனது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

இதை ஒரு குடும்பத்தின் துரதிர்ஷ்டமாக மாத்திரம் நினைத்துக்கொண்டிருந்த நான், பின்னர் உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டைப் படித்தபோது திகைத்துப்போனேன். உலகில் ஆண்டுதோறும் சுமார் 684,000 பேர் விழுவதனால் உயிரிழக்கிறார்கள். தற்செயலான காயங்களினால் நேரும் மரணங்களில் வீதி விபத்துகளுக்கு அடுத்த இடம் விழுதலுக்குத்தான். உயிரிழப்பவர்களில் 80 சதவீதத்துக்கும் அதிகமானவர்கள் எங்களைப் போன்ற குறைந்த, நடுத்தர வருமான நாடுகளைச் சேர்ந்தவர்கள். இரத்த அழுத்தத்துக்கும் சீனி வருத்தத்துக்கும் மாதந்தோறும் கிளினிக் செல்லும் நாம், விழுதலை ஒரு நோயாக எண்ணுவதே இல்லை.

அம்மா மறைந்த மறுவருடம் நானும் விழுந்தேன். மழை நாளொன்றில் காலி வீதியில் பஸ்ஸில் இருந்து இறங்கும்போது கால் வழுக்கியது. எல்லோரையும் போலக் கையை ஊன்றினேன், மணிக்கட்டு முறிந்தது. கட்டுப்போட்ட என்பு முறிவு வைத்திய நிபுணர், விழும்போது கையை ஊன்றுவது மனிதனின் இயல்பு என்றும், அந்த இயல்பை மாற்றிக்கொண்டவர்களைத் தான் அபூர்வமாகவே காண்பதாகவும் சொன்னார். அவர்கள் யார் என்று கேட்டேன். "சின்ன வயதில் ஜூடோ பழகியவர்கள்" என்றார். அவர் அதைப் பேச்சோடு பேச்சாகத்தான் சொன்னார். நான் பிடித்துக்கொண்டேன்.

கட்டை அவிழ்த்துச் சில மாதங்கள் கழித்து, கொழும்பில் மாலை நேரத்தில் நடைபெறும் ஒரு வகுப்பில் போய் நின்றேன். அப்போது எனக்கு 52 வயது. அங்கிருந்தவர்களில் பெரும்பாலானோர் பாடசாலை மாணவர்கள். பயிற்றுநர் எனது மகனை விடவும் இளையவர், சிங்கள இளைஞர். தெரிந்த கொஞ்சத் தமிழைச் சேர்த்து, "அங்கிள், கை வேண்டாம். நாடி உள்ளுக்கு" என்பதை அன்று மாலை நூறு தடவைகளாவது சொல்லியிருப்பார். முதல் ஆறு வாரங்களில் எவரையும் வீழ்த்துவதற்கு எனக்குக் கற்றுத்தரப்படவில்லை. விழுவதற்கு மாத்திரமே கற்றுத்தந்தார்கள்.

ஜப்பானியர்கள் இதை உக்கெமி என்கிறார்கள். கேட்பதற்கு எளிமையானது. பின்புறமாக விழும்போது நாடியை நெஞ்சோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். அப்போது பின்மண்டை தரையில் மோதாது. முதுகை வளைத்துக்கொள்ள வேண்டும். அப்போது உடல் ஒரு பலகையைப் போல மொத்தமாக விழாமல் உருளும். கையை ஊன்றாமல், முழங்கையில் இருந்து உள்ளங்கை வரை முழுவதையும் மெத்தையில் அறைய வேண்டும்; அப்போது விழும் வேகம் ஓர் எலும்பில் குவியாமல் பரவிப்போகும். மூச்சை அடக்காமல் வெளியே விடவேண்டும். முதலில் குந்தியிருந்து விழுவார்கள், பிறகு நின்று, பிறகு நடந்துவந்து. மூன்று மாதங்களின் பின்னர் ஒருநாள் வீட்டின் சமையலறையில் எண்ணெய் சிந்திய இடத்தில் கால் வழுக்கியபோது, கை தரையைத் தேடிப் போகவில்லை. நாடி தானாகவே நெஞ்சைத் தொட்டது. எழுந்து நின்று தேநீரைக் கலக்கினேன். வகுப்பில் எனக்குக் கிடைத்த எந்தப் பாராட்டும் அந்தக் காலைப்பொழுதுக்கு ஈடாகாது.

ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ ஒரு கல்வியாளர். 1882 இல் தனது 21 வது வயதில், டோக்கியோவில் எய்ஷோஜி என்ற பௌத்த ஆலயத்தில் 12 பாய்கள் விரிக்கக்கூடிய அறையொன்றில் அவர் தனது பயிற்சிக்கூடத்தை ஆரம்பித்தார். பழைய ஜூஜுட்சு மரபுகளில் இருந்த ஆபத்தான தாக்குதல்களை மாணவர்கள் ஒருவரோடொருவர் பொருதும் பயிற்சியில் இருந்து விலக்கி, எவரும் காயமின்றிப் பழகக்கூடிய ஒழுங்கொன்றை ஏற்படுத்த முயன்றார். 'ஜூ' என்ற சொல்லுக்கு மென்மை என்றும் விட்டுக்கொடுத்தல் என்றும் பொருள் உண்டு. 1909 இல் சர்வதேச ஒலிம்பிக் குழுவில் இடம்பெற்ற முதலாவது ஆசியரும் அவரே. அவர் 1938 இல் காலமாகி நீண்டகாலத்தின் பின்னர் 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜூடோ சேர்க்கப்பட்டது.

விழப் பழகாமல் வீழ்த்தப் பழகுவதன் விளைவை அதே ஜப்பானே கண்டிருக்கிறது. 1983 க்குப் பின்னரான மூன்று தசாப்தங்களில் அங்கு பாடசாலை ஜூடோவில் 100 க்கும் அதிகமான மாணவர்கள் உயிரிழந்தார்கள். அவர்களில் பலர் தலையில் ஏற்பட்ட காயங்களினால் இறந்த புதிய மாணவர்கள். பழம்பெரும் கலை, புகழ்பெற்ற ஆசான் என்பதெல்லாம் பாதுகாப்புக்கு உத்தரவாதமாகிவிடாது. முதல் மாதத்தில் என்ன கற்றுத்தருகிறார்கள் என்பதைக் கவனித்தே ஒரு வகுப்பைத் தெரிவுசெய்ய வேண்டும்.

மெத்தையில் நான் கற்ற இன்னொன்றையும் சொல்லவேண்டும். முப்பது வருடங்கள் ஒரே தொழிலில் இருப்பவனுக்கு ஒருவகை நோய் வருகிறது. பிறருடைய வாக்கியங்களைத் திருத்தித் திருத்தி, தன்னைத் திருத்துவதற்கு எவரும் இல்லை என்ற நினைப்பு வந்துவிடுகிறது. கூட்டங்களில் முன்வரிசைக் கதிரை தருகிறார்கள். இளையவர்கள் நாம் பேசி முடிக்கும்வரை காத்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஒருவனை 15 வயதுப் பாடசாலை மாணவியொருத்தி இடுப்பில் ஏற்றி மெத்தையில் போட்டுவிட்டு, "சொரி அங்கிள்" என்று கைகொடுத்துத் தூக்கிவிடும்போது ஏற்படும் உணர்வை விபரிப்பது கடினம். முதல்நாள் வெட்கமாக இருந்தது. பிறகு பெரிய சுமையொன்றை இறக்கிவைத்ததைப் போல இருந்தது. எதுவும் தெரியாதவனாக இருப்பதற்கு எமக்கு ஒரு வயதுக்கு மேல் வாய்ப்புக் கிடைப்பதில்லை. அதைத் தேடித்தான் போகவேண்டியிருக்கிறது.

நடுத்தர வயதில் இத்தகைய கலைகளைப் பழகச் சென்றவர்களில் உலகறிந்த ஒருவர் அமெரிக்கச் சமையற்கலைஞரும் எழுத்தாளருமான அன்ரனி போர்டெய்ன். 2017 இல் தனது தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காகக் கொழும்பில் இருந்து யாழ்ப்பாணத்துக்கு ரயிலில் பயணம் செய்தவர் என்பதால் எம்மவர்கள் பலருக்கும் அவரைத் தெரிந்திருக்கும். இளமையில் ஹெரோயினுக்கு அடிமையாகி மீண்டவர், நீண்டகாலம் கடுமையாகப் புகைத்தவர். ஐம்பதுகளின் பிற்பகுதியில், ஜூடோவின் வழிவந்த பிரேசிலிய ஜூஜுட்சு வகுப்பில் வெள்ளைப் பட்டியுடன் போய் நின்றார். 2016 இல் நியூயோர்க்கில் நடைபெற்ற போட்டியில் தனது வயதுப் பிரிவில் நீலப்பட்டி வீரராகத் தங்கப்பதக்கம் பெற்றபோது அவருக்கு 59 வயது. இந்தக் கதையை இத்துடன் நிறுத்தினால் அது நேர்மையாகாது. இரண்டு வருடங்களின் பின்னர், 2018 ஜூனில், அவர் தன்னுயிரை மாய்த்துக்கொண்டார். உடலுக்கு உரமூட்டும் கலை மனதின் எல்லாக் காயங்களையும் ஆற்றிவிடும் என்று நான் சொல்லமாட்டேன். மெத்தைக்கு அதற்குரிய எல்லை உண்டு. அதற்கு அப்பால் தேவைப்படுவது வைத்தியரும் வாய்விட்டுப் பேச ஒரு மனிதரும்.

என்னை ஊக்குவிக்கும் நண்பர்களுடன் நான் முரண்படும் இடமும் ஒன்று உண்டு. சண்டைக்கலைகள் எல்லாம் ஒன்றே, எதையாவது பழகலாம் என்கிறார்கள். 45 வயதில் உலக ஹெவிவெயிட் பட்டத்தை மீண்டும் வென்ற ஜோர்ஜ் போர்மனைச் சான்றாகக் காட்டுகிறார்கள். 1994 இல் அவர் அதைச் சாதித்தது உண்மை. ஆனால், அவர் 1968 இல் ஒலிம்பிக் தங்கம் பெற்றவர். 1973 இலேயே உலகச் சாம்பியன் ஆனவர். 45 வயதில் கையுறையை முதன்முதலாக மாட்டியவர் அல்ல. நடுத்தர வயதில் புதிதாக ஆரம்பிக்கும் எவரும் தலையில் அடிவாங்கும் எந்த விளையாட்டிலும் இறங்கக்கூடாது என்பதே எனது உறுதியான கருத்து.

காரணம் எளிமையானது. வயது செல்லச் செல்ல மூளை சிறிது சிறிதாகச் சுருங்குகிறது. மண்டையோட்டுக்கும் மூளைக்கும் இடையிலான இடைவெளி கூடும்போது, அதனூடாகச் செல்லும் மெல்லிய நாளங்கள் இழுபட்ட நிலையில் இருக்கின்றன. 20 வயது இளைஞனுக்குத் தலையிடியை மாத்திரம் தரும் ஓர் அடி, 55 வயதுக்காரரின் தலையில் அந்த நாளங்களைக் கிழித்து இரத்தக் கசிவை ஏற்படுத்திவிடலாம். இருதய நோய்க்காக இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை உட்கொள்பவருக்கு ஆபத்து இன்னும் அதிகம். தலைக்கவசம் தோல் கிழிவதைக் குறைக்குமே தவிர, மண்டையோட்டுக்குள் மூளை குலுங்குவதைத் தடுக்காது. 1928 ஆம் ஆண்டிலேயே ஹரிசன் மார்ட்லண்ட் என்ற அமெரிக்க வைத்தியர், அடிவாங்கி அடிவாங்கித் தள்ளாடும் குத்துச்சண்டை வீரர்களின் நிலையை மருத்துவச் சஞ்சிகையொன்றில் எழுதினார். கடைசிச் சண்டை முடிந்து மூன்று வருடங்களுக்குள், 1984 இல், முஹம்மத் அலிக்கு பார்க்கின்சன் நோய் இருப்பது கண்டறியப்பட்டது. அவர் வாங்கிய அடிகளுக்கு அதில் எவ்வளவு பங்கு என்று வைத்திய உலகம் நீண்டகாலம் விவாதித்தது. அந்த விவாதத்துக்கு இன்னோர் உதாரணமாவதற்கு அலுவலக உத்தியோகத்தர்கள் எவரும் முண்டியடிக்கத் தேவையில்லை.

மேற்கு நாடுகளில் அலுவலகப் பணியாளர்கள் எட்டு, பத்து வாரங்கள் மாத்திரம் பயிற்சிபெற்று, நண்பர்களும் மேலதிகாரிகளும் பார்த்திருக்கக் குத்துச்சண்டை மேடையில் ஏறும் வழக்கம் பரவியிருக்கிறது. நற்பணிக்கு நிதி திரட்டுவதாகப் பெரும்பாலும் சொல்லப்படுகிறது. பிரிட்டனில் இத்தகைய போட்டிகள் தொழில்முறைக் குத்துச்சண்டையை ஒழுங்குபடுத்தும் சபையின் அதிகாரத்துக்கு உட்பட்டவை அல்ல. அங்கு உயிரிழப்புகளும் நேர்ந்திருக்கின்றன. நற்பணிக்கு நிதி தேவையானால் கொத்துரொட்டி விற்றுத் திரட்டலாம்.

குத்துச்சண்டைப் பயிற்சியே கூடாது என்று இதற்கு அர்த்தமில்லை. அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் பார்க்கின்சன் நோயாளி ஒருவர் 2006 இல் ஆரம்பித்த 'ரொக் ஸ்டெடி பொக்ஸிங்' என்ற அமைப்பு, அந்த நோயாளிகளுக்கே குத்துச்சண்டைப் பயிற்சியளிக்கிறது. தொங்கும் மூட்டையைக் குத்துகிறார்கள், கால்களை மாற்றி மாற்றி வைக்கிறார்கள், உரத்துக் குரலெழுப்புகிறார்கள். எவரும் எவரையும் அடிப்பதில்லை. விளையாட்டின் பயனை வைத்துக்கொண்டு அதன் நஞ்சை நீக்கிவிட முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

பிடிமுறைக் கலைகளும் ஆபத்தற்றவை அல்ல. பேஸ்புக் நிறுவுநர் மார்க் சக்கர்பேர்க் 2023 நவம்பரில் சண்டைப் பயிற்சியின்போது முழங்கால் தசைநார் கிழிந்து சத்திரசிகிச்சை செய்துகொள்ள நேர்ந்தது. அவருக்கு அப்போது 39 வயதுதான்; உலகின் மிகச்சிறந்த பயிற்றுநர்களை அமர்த்திக்கொள்ளும் வசதியும் இருந்தது. எனக்கும் இரண்டு விரல்கள் இப்போது முழுமையாக மடங்குவதில்லை. ஆகவே, சேரும் முன்னர் இருதயத்தையும் இரத்த அழுத்தத்தையும் கண்களையும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். நீரிழிவு உள்ளவர்களுக்கு விழித்திரைப் பரிசோதனை மிகவும் அவசியம். உட்கொள்ளும் மாத்திரைகளைப் பயிற்றுநருக்கு மறைக்காமல் சொல்லவேண்டும். வாரத்தில் இரண்டு நாட்கள் போதும். இளமையில் ஒரு நாளில் ஆறும் நோவு இப்போது நான்கு நாட்கள் எடுக்கிறது என்பதை ஏற்றுக்கொள்ள வேண்டும். தன் பலத்தைக் காட்டத் துடிக்கும் 22 வயது இளைஞனுடன் பயிற்சி செய்யச் சொன்னால், மரியாதையாக மறுத்துவிட வேண்டும். எனக்கு மிகவும் கடினமாக இருந்தது அந்தக் கடைசி ஆலோசனைதான்.

கனடாவிலும் இங்கிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் வாழும் உறவினர்களைப் பார்க்கச் சென்றபோது ஒரு காட்சியைத் திரும்பத் திரும்பக் கண்டேன். பிள்ளைகளைக் கராத்தே வகுப்பிலும் ஜூடோ வகுப்பிலும் இறக்கிவிட்டு, பெற்றோர் கார்த் தரிப்பிடத்தில் காருக்குள் இருந்து ஒரு மணித்தியாலம் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பிள்ளை கறுப்புப் பட்டி எடுக்கும்போது தந்தைக்கு இருதயத்தில் குழாய் வைத்திருக்கிறார்கள். தாய்க்கு முழங்கால் போய்விட்டது. அந்த வகுப்புகளில் பல வயதுவந்தவர்களையும் சேர்த்துக்கொள்கின்றன. சர்வதேச ஜூடோ சம்மேளனம் 30 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கென்றே தனியாக உலகப் போட்டி நடத்துகிறது. காரை விட்டு இறங்கி அந்தக் கதவைத் தட்டுங்கள் என்று அவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். குறிப்பாக எமது பெண்கள். வயது செல்லும்போது எலும்பு தேய்வதும் இடுப்பு முறிவதும் அவர்களுக்கே அதிகம். ஆனால், விழப் பழகுங்கள் என்று எனது தாயாருக்கு அவரது வாழ்நாளில் எவரும் சொன்னதில்லை, நான் உட்பட.

இனி, நண்பரின் கேள்விக்கு வருகிறேன். சண்டையைப் பற்றி எழுதியது போதாதா என்று கேட்டார். போதும், போதும் போதும் என்றாகிவிட்டது. ஆனால், மெத்தையில் நடப்பதற்கும் நாம் கண்டதற்கும் பெரிய வேறுபாடு ஒன்று இருக்கிறது. ஜூடோவில் கழுத்து இறுகும்போதோ முழங்கை முறியும் நிலைக்கு வரும்போதோ, எதிராளியின் உடலிலோ மெத்தையிலோ இரண்டு தடவைகள் தட்டினால் போதும். அக்கணமே அவர் விட்டுவிட வேண்டும். ஏன் தட்டினாய் என்று எவரும் கேட்பதில்லை. தட்டியவனை எவரும் இகழ்வதில்லை. இருவரும் தலைவணங்கிவிட்டு மறுபடியும் ஆரம்பிக்கிறார்கள்.

எங்கள் வகுப்பில் எனது வயதையொத்த இன்னொருவரும் இருக்கிறார். இராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்ற சிங்களவர். வடக்கில் பணியாற்றியிருக்கிறார் என்பது தெரியும். எந்த வருடங்களில், எங்கே என்று நான் கேட்டதில்லை. நான் பத்திரிகையாளன் என்பது அவருக்குத் தெரியும். என்ன எழுதினேன் என்று அவரும் கேட்டதில்லை. நிறையும் வயதும் பொருந்துவதால் பயிற்றுநர் பெரும்பாலும் எங்கள் இருவரையும் சேர்த்துவிடுகிறார். அவர் என்னை விடப் பலசாலி. பல தடவைகள் நான் தட்டியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் உடனே விட்டிருக்கிறார். இரண்டு தடவைகள் அவர் தட்டினார், நானும் விட்டேன். இதனால் நாட்டின் பிரச்சினை எதுவும் தீர்ந்துவிடவில்லை. கேட்கவேண்டிய கேள்விகளும் அப்படியேதான் இருக்கின்றன. ஆனால், தட்டினால் விடவேண்டும் என்ற விதியை எனது உடம்பு 52 வயதுக்குப் பிறகுதான் அறிந்துகொண்டது. அந்த விதி எமது காலத்தில் வேறு இடங்களிலும் இருந்திருந்தால் எத்தனை பேர் இன்று உயிரோடு இருந்திருப்பார்கள் என்று வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் சில இரவுகளில் நினைத்துக்கொள்வேன்.

இவ்வளவையும் கடந்த வாரம் நண்பருக்குத் தொலைபேசியில் சொன்னேன். குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். முடிவில், "அது சரி தம்பி, மற்றதெல்லாம் எனக்கு வேண்டாம். விழுறதை மட்டும் பழக்குவினமோ?" என்றார். மறுநாள் பயிற்றுநரிடம் விசாரித்தேன். வைத்தியரின் கடிதத்துடன் அழைத்துவரச் சொல்லியிருக்கிறார்.